கல் வண்டி ஓடிய பாதை: பத்துமலை இரயில் நிலையத்தின் கதை

பத்துமலைக்கு ஒரு தடவையாவது போகாத தோட்டக் குடும்பத்தை இந்நாட்டில் காண்பது அரிது. பிள்ளைக்கு முடியிறக்க, பால்குடம் எடுக்க, காவடி ஏந்த, ஒன்றுமில்லாவிட்டால் கூட்டத்தோடு கூட்டமாகச் சுற்றிப் பார்க்க என்று எப்படியோ போய்விடுகிறோம். அங்குள்ள 272 படிகள் நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டைவிட நன்றாக மனப்பாடம். 2006ஆம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்ட முருகன் சிலையின் உயரம் 140 அடி என்பதையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

அதே மலையடிவாரத்தில் ஓர் இரயில் நிலையம் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால், "கொமுட்டர் நிக்கிற இடம்தானே சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பளபளவென்று புதிதாக நிற்கும் அந்த நிலையத்துக்குப் பின்னால் நூறாண்டு நீளமுள்ள ஒரு கதை உண்டு. அது ஒரு முறை ஏறக்குறையச் செத்து, மறுபடி உயிர் பெற்ற கதை. அதில் நம்மவர் கைவேலையும் நிறைய உண்டு. ஆகவே, வாசகர்களே, கொஞ்ச நேரம் என்னோடு அந்தத் தண்டவாளத்தின் வழியே நடந்து வாருங்கள்.

முதலில் பெயர். 'பத்துமலை' என்பதைப் பத்தாவது மலை என்று பொருள் கொண்டு, மற்ற ஒன்பது மலைகள் எங்கே என்று விரல்விட்டு எண்ணுபவர்கள் நம்மிடையே இன்றும் உண்டு. மலாய் மொழியில் 'பத்து' என்றால் கல். பக்கத்தில் ஓடும் ஆற்றுக்கும் சுங்கை பத்து என்றே பெயர். இந்தக் கதைக்கு அந்தப் பெயர் மிகவும் பொருத்தம். ஏனென்றால் அங்கே இரயில் போனது முதலில் முருகனுக்காக அன்று, கல்லுக்காக.

மலாயாவில் முதல் இரயில் 1885ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு துறைக்கு ஓடியது. தூரம் எட்டு மைல்தான். ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோவதற்காகப் போட்ட அந்தப் பாதையை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படையினரை வரவழைத்தார்கள். போர்ட் வெல்டு நிலையத்தின் பெயர்ப்பலகையில் ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழும் எழுதப்பட்டிருக்கும். தண்டவாளம் போய்விட்டது, ஊரின் பெயரும் கோலா செப்பெத்தாங் என்றாகிவிட்டது, பலகை மட்டும் நினைவுச் சின்னமாக நிற்கிறது. அந்த வழியாகப் போகிறவர்கள் பிள்ளைகளுக்கு அவசியம் காட்டுங்கள். அந்தக் காலத்து இரயிலில் ஏறி இறங்கியவர்கள் யார் யார் என்பதற்கு அந்தப் பலகையைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

மறு ஆண்டு, 1886 செப்டம்பரில், கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் குடா வரை இரயில் வந்தது. ஆற்றின் மீது பாலம் இல்லாததால் வண்டி இக்கரையிலேயே நின்றுவிடும். 1890இல் பாலம் கட்டிய பிறகுதான் கிள்ளானுக்குள் நுழைந்தது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகம் திறந்ததும் இரயில் கப்பல் வரையில் போயிற்று. 1972 முதல் நாம் போர்ட் கிள்ளான் என்று அழைப்பது அதைத்தான். நம் பாட்டன் பூட்டன்மார்களில் எத்தனையோ பேர் கப்பலை விட்டு இறங்கி, தடுப்பு முகாமில் நாட்களைக் கழித்து, கங்காணியின் பின்னால் வரிசையாக நடந்து ஏறிய முதல் வண்டி இந்தப் பாதையில் ஓடியதுதான்.

பத்துமலைக்குப் பிரிந்து சென்ற கிளைப்பாதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்தைச் சேர்ந்தது. கோலாலம்பூரிலிருந்து வடக்கே போகும் பெரிய பாதையை விட்டு விலகி, செந்தூலைத் தொட்டு, மலையடிவாரத்தில் போய் முடியும். சுண்ணாம்புக்கல் மலை அது. வயது சுமார் நாற்பது கோடி ஆண்டு என்று நிலநூலார் கணக்கிடுகிறார்கள். உடைத்த கல்லுக்கு என்றுமே தேவை இருந்தது. சாலைக்குக் கல், கட்டடத்துக்குக் கல், அவ்வளவு ஏன், தண்டவாளத்தின் அடியில் பரப்பவும் கல். கல் வண்டிக்குக் கால அட்டவணை பெரிதில்லை. மேடை வேண்டாம், கூரை வேண்டாம், விளக்கும் வேண்டாம்.

ஆனால் இரயில் வருவதற்கு முன்பே அங்கே முருகன் வந்துவிட்டான். கோலாலம்பூர் ஹை ஸ்திரீட்டில் மகாமாரியம்மன் ஆலயம் எழக் காரணமாயிருந்த தம்புசாமிப் பிள்ளை அவர்களின் முயற்சியால் குகையில் வேல் நிறுவப்பட்டு, 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வந்தது. அப்போது படிக்கட்டு ஏது? மரப்படிகள் போட்டது 1920இல். காங்கிரீட் படிகள் அதற்கும் பிறகு. காட்டு வழியில் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் போனவர்களுக்கு, மலைக்குக் கீழேயே வந்து நிற்கும் ஒரு தண்டவாளம் எப்படித் தோன்றியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இரயில்வேக்காரர்களுக்கும் கணக்குத் தெரியும். கல்லை விட ஆட்கள் இலாபம். ஆகவே தைப்பூசத்தை ஒட்டிக் கோலாலம்பூரிலிருந்து சிறப்பு இரயில்கள் விடலானார்கள். ஆண்டு முழுவதும் கல் சுமக்கும் பாதை, இரண்டு மூன்று நாள் மட்டும் பால்குடமும் காவடியும் சுமந்தது.

அந்த வண்டிகளை ஓட்ட வைத்தவர்கள் இருந்த ஊரைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அதுதான் செந்தூல்.

1900களின் தொடக்க ஆண்டுகளில் செந்தூலில் இரயில்வேயின் மத்தியப் பட்டறை எழுந்தது. இஞ்சின் பழுது பார்ப்பது, பெட்டி கட்டுவது, இரும்பு வார்ப்பது எல்லாம் ஒரே வளாகத்தில். தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலிகளும் கைத்தொழிலாளிகளும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமாரும் நிலைய அதிகாரிகளும் அங்கே ஒரு தமிழூரையே உண்டாக்கினார்கள். தோட்டத்தில் நமக்குப் பிரட்டு மணி எப்படியோ, செந்தூல் மக்களுக்குப் பட்டறைச் சங்கு அப்படி. தோட்டத்துக்கும் செந்தூலுக்கும் ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தோட்டத்தில் தகப்பன் வெட்டிய நிரையை மகனும் வெட்டுவான். பட்டறையில் தகப்பன் கரி அள்ளினால் மகன் பிட்டராகவோ இஞ்சின் ஓட்டியாகவோ ஆகலாம் என்ற ஒரு வாசல் திறந்திருந்தது. தோட்டத்தில் பெண் கொடுப்பவர்கள் இரயில்வே மாப்பிள்ளை என்றால் ஒரு படி உயர்த்திப் பேசியதற்குக் காரணம் இதுதான்.

யுத்தம் வந்தது. ஜப்பானியர் ஆட்சியில் நம் தோட்டத்து மக்கள் இரயில் என்ற சொல்லையே வெறுக்கும்படி ஆயிற்று. 1942-43இல் 415 கிலோமீட்டர் நீளச் சயாம்-பர்மா பாதை போடுவதற்காக வண்டி வண்டியாக ஆட்களை ஏற்றிச் சென்றார்கள். அந்தப் பாதைக்காகக் கிழக்குக் கரைத் தண்டவாளங்களையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். அப்படிப் போன உறவினர் ஒருவரின் பெயரைத் திதியன்று சொல்லும் வீடுகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. செந்தூல் பட்டறையும் தப்பவில்லை. 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசி அதைப் பெரும்பாலும் அழித்தன. யுத்தம் முடிந்த பின் மறுபடி கட்டியெழுப்பியவர்களும் அதே செந்தூல் தொழிலாளர்களே.

சுதந்திரத்துக்குப் பிறகு பத்துமலைப் பாதைக்கு மெல்ல மெல்ல இறங்குமுகம். சாலை வந்தது, பேருந்து வந்தது, லாரி வந்தது. தைப்பூசத்துக்குத் தோட்டத்து லாரியில் தார்ப்பாய் கட்டி, பாயும் தலையணையும் புளிச்சோறுமாக ஏறிப்போன அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். லாரி நம் லயத்து வாசலிலேயே வந்து நின்றது. இரயிலோ நம்மைத் தன்னிடம் வரச் சொன்னது. கல்லையும் லாரி எடுத்துக்கொண்டது. பிறகு மலையை உடைப்பதே நிறுத்தப்பட்டது; மலைக்கு அது நல்லது, கிளைப்பாதைக்கோ அதுவும் ஒரு நட்டம். தைப்பூசக் கூட்டம் என்னவோ குறையவில்லை. ஆண்டுக்கு ஆண்டு பெருகித்தான் வந்தது. ஆனால் ஆண்டில் இரண்டு மூன்று நாள் நெரிசலை வைத்துக்கொண்டு எந்த நிலையமும் பிழைக்காது. ஒரு நிலையத்துக்குச் சோறு போடுகிறவன் காலையில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து, மாலையில் வெறும் பாத்திரத்தோடு திரும்புகிறவன். அந்த மனிதன் பத்துமலைப் பாதையில் அப்போது இல்லை. தண்டவாளத்தைப் புல் மூடியது.

1995ஆம் ஆண்டில் கோலாலம்பூர் வட்டாரத்தில் கொமுட்டர் என்னும் மின்சார இரயில் ஓடத் தொடங்கியபோது, ஒரு வழித்தடம் போர்ட் கிள்ளானிலிருந்து புறப்பட்டுச் செந்தூலிலேயே நின்றுவிட்டது. பத்துமலைக்குப் போகிறவர்கள் செந்தூலில் இறங்கிப் பேருந்தைத் தேட வேண்டும். ஏழரைக் கிலோமீட்டர்தான் மிச்சம். பதினைந்து ஆண்டு அந்த ஏழரைக் கிலோமீட்டர் காத்துக் கிடந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தண்டவாளம் துருப்பிடித்தாலும் அது கிடந்த நிலம் இரயில்வே நிலமாகவே இருந்தது. ஒரு தோட்டம் விற்கப்படும்போது என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். மரம் போகும், லயம் போகும், கோவிலும் பள்ளியும் இடம் மாறும், பத்து ஆண்டு கழித்துப் போனால் ஆயக்கொட்டகை இருந்த இடத்தைக்கூட அடையாளம் காட்ட முடியாது. சீஃபீல்டு தோட்டத்து மண்ணில்தான் சுபாங் ஜெயா எழுந்தது என்று இன்று அங்கே குடியிருப்பவர்களிடம் சொன்னால் எத்தனை பேர் நம்புவார்கள்? இரயில் பாதையோ மெல்லிய நாடா போல் ஊருக்குள் கிடந்தது. யாருக்கும் பயன்படாத நிலம் என்று அதைத் துண்டு போட்டு விற்றிருந்தால், பிறகு ஆயிரம் கோடி வெள்ளி கொடுத்தாலும் அந்த நாடாவை மறுபடி ஒட்டியிருக்க முடியாது. விற்காமல் வைத்திருந்தது புத்திசாலித்தனமா, வெறும் அசட்டையா என்ற விவாதம் எனக்கு வேண்டாம். இருந்தது, அது போதும்.

2006ஆம் ஆண்டின் இறுதியில் வேலை தொடங்கியது. பழைய ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு இரட்டைப் பாதை போட்டார்கள். மேலே மின்கம்பி இழுத்தார்கள். செந்தூல் நிலையத்தைப் புதுப்பித்து, அதன் வடக்கே பத்து கண்டோன்மென், கம்போங் பத்து, தாமான் வாயூ, பத்துமலை என்று நான்கு நிலையங்களைக் கட்டினார்கள். 2010ஆம் ஆண்டு ஜூலையில் பத்துமலை வரை மின்சார இரயில் ஓடியது.

அந்த மாற்றத்தின் அளவு ஒரு சிறு விஷயத்தில் தெரியும். நான் மாணவர்களை அழைத்துக்கொண்டு போனபோது ஒரு பையன் கேட்டான்: "சார், இந்த இரயிலுக்கு ஏன் ரெண்டு பக்கமும் மூஞ்சி இருக்கு?" நல்ல கேள்வி. பழைய காலத்தில் வண்டி கடைசி நிலையத்துக்கு வந்ததும் இஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளம் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையில் மாட்ட வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், இடம் வேண்டும், நேரமும் வேண்டும். இப்போதைய வண்டியில் இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. ஓட்டுநர் தம் பையை எடுத்துக்கொண்டு மேடையில் நடந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தால், வால் தலையாகிவிடும். கல் வண்டி நின்ற நிலையத்தில் அன்றாடம் பலமுறை வண்டி வந்து திரும்ப முடிவது இதனால்தான்.

2010இல் தொடங்கியபோது வண்டிகள் போர்ட் கிள்ளானுக்கு ஓடின. 2015 டிசம்பரில் வழித்தடங்களை மாற்றியமைத்தார்கள். அது முதல் பத்துமலை வண்டி கோலாலம்பூர், காஜாங், பாங்கி, நீலாய், லாபு, திரோய், சிரம்பான், ரெம்பாவ் என்று தென்திசையில் நடந்து, மலாக்கா எல்லைக்குள் புலாவ் செபாங் வரை போகிறது. நெகிரி செம்பிலான் வாசகர்களே, இந்த ஊர்ப் பெயர்களைக் கேட்டதும் உங்கள் உறவுக்காரர்கள் வேலை செய்த தோட்டங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன அல்லவா? கிள்ளான், ஷா ஆலாம் பக்கத்து மக்கள் மட்டும் இடையில் வண்டி மாற வேண்டும். அவர்களுக்கு அதில் வருத்தம் உண்டு, அது நியாயமும்கூட.

கம்போங் பத்து நிலையத்தில் 2022 ஜூன் முதல் எம்.ஆர்.டி. இரயிலும் வந்து சேர்கிறது. அதில் ஏறினால், 2023 மார்ச் முதல், புத்ராஜெயா வரை போகலாம். புத்ராஜெயா என்பது முன்னாளில் பெராங் பெசார் தோட்டம். அங்கே பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே மண்ணில் அலுவலக வேலைக்கு இரயிலில் போக முடிகிறது. போகிறார்களா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நம் குடும்பங்களில் எத்தனையோ இப்போது தோட்டத்தில் இல்லை. அடுக்குமாடி வீடுகளுக்கும் தாமான்களுக்கும் வந்துவிட்டன. வந்தவுடன் முதல் கடன் மோட்டார் சைக்கிள். அடுத்த கடன் கார். பதினேழு பதினெட்டு வயதுப் பையன் மழையில் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறான். அவன் திரும்பி வரும் வரை தாய் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரயிலைப் பற்றிச் சொன்னால், "தைப்பூசத்துக்குப் போவோம் சார்" என்கிறார்கள்! கல் வண்டிக் காலத்தில் இருந்த அதே பழக்கம். தைப்பூசத்தன்று இரவு முழுவதும் வண்டி விடுகிறார்கள், கால் வைக்க இடமில்லை. மற்ற நாளில் நம் பிள்ளைகளை அதில் அவ்வளவாகக் காண முடிவதில்லை. பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே ஒரு நிலையம் இதே பாதையில் இருக்கிறது. மிட்வேலி, கே.எல். சென்ட்ரல் என்று வேலை நிறைந்த இடங்களும் இதிலேயே இருக்கின்றன. பெண் பிள்ளைகளுக்கென்று 2010 முதல் தனிப் பெட்டி விட்டிருக்கிறார்கள். இளஞ்சிவப்பு அடையாளம் இருக்கும். மனைவியோடு வந்த தைரியத்தில் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும் ஆண்களும் உண்டு. மற்றவர்கள் ஏன் முறைக்கிறார்கள் என்று பிறகு என்னைக் கேட்கக் கூடாது.

கொமுட்டரில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்கு அரை மணியோ அதற்கு மேலுமோ நிற்க வேண்டியிருக்கும். பாதை செப்பனிடும் காலங்களில் தாமதமும் உண்டு. கால அட்டவணையை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, அதற்கேற்ப வீட்டை விட்டுக் கிளம்பினால் பாதித் தொல்லை குறையும். பிரட்டுக்கு ஒரு நிமிடம் பிந்தாமல் ஓடிப் பழகிய நமக்கு இது பெரிய காரியமா?

செந்தூலில் இறங்கினால் வேறொரு காட்சி. பட்டறை வேலை பேராக்கிலுள்ள பத்து காஜாவுக்குப் பெயர்ந்துவிட்டது. பழைய வளாகத்தின் ஒரு பகுதி பூங்காவாகிவிட்டது. ஓர் இரயில்வேக் கட்டடத்தை 2005இல் நாடக, இசை அரங்கமாக மாற்றியிருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே கரி அள்ளியவன், இரும்பு அடித்தவன் பெயர் எங்கே எழுதியிருக்கிறது என்று என் கண்கள் தேடுகின்றன. செந்தூல் பெரியவர்கள் யாரேனும் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பட்டறையில் எந்தப் பிரிவு, என்ன சம்பளம், எந்த வரிசை வீடு. இதை யாரும் நமக்காக எழுதி வைக்கப் போவதில்லை.

வரும் தைப்பூசத்துக்கு இரயிலில் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்.

வெள்ளி இரதம் மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலைக்குச் சுமார் 15 கிலோமீட்டரை இரவெல்லாம் ஊர்ந்து கடக்கும். உங்கள் இரயிலோ கே.எல். சென்ட்ரலிலிருந்து ஏறத்தாழ அரை மணியில் கொண்டுபோய் விட்டுவிடும். டச் அண்ட் கோ அட்டையில் திரும்பி வருவதற்கும் போதுமான பணத்தை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். தைப்பூச இரவில் அங்கே முகப்பு வரிசையில் நிற்பது 272 படி ஏறுவதை விடக் கடினம்.

மிக முக்கியமானது: மேடையில் நிற்கும்போது தலைக்கு மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. வீட்டில் விளக்கெரியும் மின்சாரத்தைப் போல் நூறு மடங்குக்கும் மேல். அது தொட்டால்தான் பாயும் என்பதில்லை. பக்கத்தில் போனாலே தாவும். ஆகவே நீண்ட வேல், கொடிக்கம்பு, காவடியின் இரும்புக் கம்பிகள் எதையும் நிலையத்தில் உயரத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். கழற்றிக் கட்டி, படுக்கை வாட்டில் கொண்டுபோய், வெளியே போன பிறகு பூட்டிக்கொள்ளுங்கள். மினுமினுக்கும் பலூன் வாங்கிக் கொடுத்திருந்தால், பிள்ளை கையிலிருந்து நழுவாதபடி நூலைச் சுருக்கிக் கட்டுங்கள்.

பிள்ளைகளின் சட்டைப் பையில் தகப்பன் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய துண்டுக் காகிதம் இருக்கட்டும். தவறிப்போனால் சந்திக்கும் இடத்தையும் முன்னமே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முருகன் சிலையடியில் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஊரே அங்கேதான் நிற்கும். நிலையத்தை விட்டுக் கோவில் பக்கம் வெளியே வந்ததும், இராமாயணக் குகைக்கு முன்னால் ஐம்பது அடி உயர அனுமார் நிற்கிறார். அவர் காலடியில் கூட்டம் கொஞ்சம் குறைவு.